அவருக்காக நான் அடித்த பந்துகள்

"ஃபோர்ஜ்டு" என்ற சொல்லை என் வீட்டுக்காரர் ஒரு தடவையாவது சொல்லாமல் எங்கள் வீட்டில் காலைக் காப்பி இறங்குவதில்லை என்று ஆகிவிட்டது. ஒரே இரும்புத் துண்டைக் காய்ச்சி அடித்து உருவாக்கும் கோல்ஃப் மட்டைகளுக்கு அந்தப் பெயர். அச்சில் ஊற்றி வார்ப்பது மட்டமாம், அடித்து எடுப்பது உசத்தியாம். அதிலும் "பிளேடு" என்று ஒரு வகை இருக்கிறது. முதுகில் குழிவு கிடையாது, அடியில் தடிப்பு கிடையாது, தலையே என் உள்ளங்கையில் அடங்கிவிடும். பெரிய ஆட்டக்காரர்கள் வைத்திருப்பது. இவருக்கு அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"நடு முகத்துல பட்டா, பட்டதே கைக்குத் தெரியாதாம்," என்றார்.

"நடு முகத்துல படாட்டி?"

"அதை ஏன் இப்ப பேசற?"

இவருக்கு லிஃப்ட் பரிசோதகர் வேலை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட் கயிற்றில் ஒரு இழை பிரிந்திருந்தால் டார்ச் வெளிச்சத்தில் கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் கத்தரிக்கோல் கண்ணெதிரே இருந்தாலும் எங்கே என்று கேட்பார். கோல்ஃபிலும் அப்படித்தான். பந்து போன திசையைத் தவிர மற்ற எல்லாத் திசையிலும் தேடுவார்.

நான் கண்ணாடிக் கடை நடத்துகிறேன். கண்ணைப் பரிசோதித்துப் பவர் சொல்வது, ஃபிரேம் பொருத்துவது எல்லாம் நானேதான். இத்தனை வருஷத்தில் நான் கண்டது ஒன்று. ஆட்கள் தங்கள் முகத்தைப் பார்த்து ஃபிரேம் வாங்குவதில்லை. சுவரில் ஒட்டிய படத்தில் இருக்கிறவன் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். பரிசோதனைக்கு உட்கார வைத்தால் தெரியாத எழுத்தை ஊகித்துச் சொல்கிறார்கள், ஏதோ பரீட்சையில் மார்க் போகப்போகிற மாதிரி. ஒருவர் போன மாதம் தன் மனைவியைப் பின்னால் நிற்கவைத்து, அந்த அம்மாள் காதோரம் முணுமுணுக்க, கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். "உங்க வீட்டம்மா கண்ணுக்குக் கண்ணாடி செஞ்சு உங்க மூக்குல மாட்டிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் அசடு வழிந்தார்கள்.

ஆகவே மட்டை வாங்கப் போகலாம் என்று இவர் சொன்னபோது, "நீங்களா போய் வாங்கக்கூடாது, ஃபிட்டர்கிட்ட அளவு பாத்துதான் வாங்கணும்," என்று நிபந்தனை போட்டேன். கூடவே நானும் வருகிறேன் என்றேன். நான் போனதற்குக் காரணம் வேறு. அது இவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோல்ஃபை விட்டுவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

ஞாயிறு தோறும் காலையில் இருவரும் சேர்ந்து ஆடப் போவது வழக்கம். பிள்ளைகள் வளர்ந்து தனித்தனியே போன பிறகு தொடங்கியது. ஆரம்பத்தில் எனக்கு அது பைத்தியமாகவே பிடித்திருந்தது. ஆனால் ஒரு வருஷமாக என்னவோ போல் இருந்தது. நன்றாக அடித்தாலும் பந்து அதே உயரத்தில் மேலே போய் அதே மாதிரி பொத்தென்று விழும். மோசமாக அடித்தாலும் அதேதான். மரக்கிளைக்குக் கீழே தாழ்வாக அனுப்பலாம் என்றால் கேட்காது. எதிர்காற்றில் தலைக்கு மேலே போய் நின்று யோசிக்கும். வயசாகிவிட்டது, கையில் இருந்தது போய்விட்டது என்று நினைத்தேன். புலம்புவது என் சுபாவம் இல்லை. மட்டை துடைக்கிற துண்டைத் துவைத்து மடித்து பீரோவில் வைத்தேன். பையிலிருந்த கையுறையையும் எடுத்து அதோடு வைத்துவிட்டேன். "பிடி ரப்பர் தேஞ்சிருக்கு, அதே கடையில மாத்திடலாம்," என்று சொல்லி என் பையைக் கார் டிக்கியில் ஏற்றினேன். இவர் புது செட் வாங்குகிற குஷியில் இருக்கும்போது என் செட்டைக் கடையிலேயே விட்டுவிட வேண்டியது, யாராவது புதிதாகக் கற்கிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டியது, சந்தடி சாக்கில் விஷயம் முடிந்துவிடும். இதுதான் என் திட்டம்.

அந்தக் கடை ஒரு பழைய கிடங்கு. முன்பக்கம் ஒரு வலை, அதன் முன்னே பச்சை விரிப்பு, பக்கவாட்டில் பந்தின் வேகத்தைக் காட்டும் திரை. பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பட்டறை, பசை வாசனை. ஃபிட்டர் ஒல்லியான மனிதர், காதில் பென்சில் செருகியிருந்தார். வந்தவுடன் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார்.

"நம்பரைப் பாத்தா மனுஷன் நம்பருக்கு அடிப்பான் சார். பாக்காம அடிங்க."

எனக்கு உடனே அவரைப் பிடித்துப்போனது.

இன்னொரு வேலையும் செய்தார். மேஜையில் இருந்த செவன் அயர்ன்கள், அதாவது ஏழாம் நம்பர் மட்டைகள், எல்லாவற்றின் முதுகிலும் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். எது பிளேடு, எது குழிவானது, எது தடியானது என்று பின்பக்கம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முகத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். பந்து எங்கே படுகிறதோ அங்கே கறை விழும். அடிப்பாகத்திலும் ஒரு டேப். விரிப்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் பலகையை வைத்து, அதன் மேலிருந்து அடிக்கச் சொன்னார். மட்டை தரையில் எப்படி உரசுகிறது என்று அந்த டேப் காட்டுமாம்.

இவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதல் மட்டையில் அடித்தார். அடித்தார் என்றால், வலை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் புடைத்தது. ஸ்டிக்கரை உரித்து ஃபிட்டர் ஒரு அட்டையில் ஒட்டினார். கறைகள் முகம் முழுக்கச் சிதறிக் கிடந்தன, அம்மை போட்ட மாதிரி. அடுத்த மட்டையில் புது ஸ்டிக்கரும் அடியில் புது டேப்பும் ஒட்டிக் கொடுத்தார்.

"இதுல ஒரு கை அடிச்சுட்டு இருங்க. உள்ள பசை காயுது, பாத்துட்டு வந்துடறேன்," என்று பட்டறைக்குள் போனார்.

அவர் தலை மறைந்ததும் இவர் இடது தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தோள் பிடிச்சுக்கிச்சு. நீ அடி."

"நான் எதுக்கு? உங்களுக்குத்தானே அளவு பாக்கறாங்க?"

"அவர் வர்றதுக்குள்ள அடிச்சு முடிச்சாத்தான் அடுத்தது தருவார். சும்மா ரெண்டு தட்டு தட்டேன்."

மனைவியை முணுமுணுக்க வைத்துப் படித்த அந்த மனிதர் ஞாபகம் வந்தது. இருந்தாலும், சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் என் வேலையைப் பார்க்கலாம் என்று மட்டையை வாங்கினேன். எனக்கு அது கொஞ்சம் நீளம். பிடியைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முதல் அடியில் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை சுரீரென்றது. ஐயோ என்று கையை உதறினேன். ஆனால் ஒன்று தெரிந்தது. எங்கே தப்பாகப் பட்டது என்று மட்டை எனக்குச் சொல்லிவிட்டது. ஓரத்தில், நுனிப்பக்கம். என் பழைய மட்டை ஒருநாளும் இப்படி வாய் திறந்ததில்லை.

கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி அடித்தேன். கையில் ஒன்றுமே தெரியவில்லை. பந்து அங்கே இல்லவே இல்லை என்பது போல் மட்டை வழுக்கிக்கொண்டு போனது. வலையில் சத்தம் கேட்ட பிறகுதான் அடித்திருக்கிறேன் என்று புரிந்தது. இன்னொன்று அடித்தேன். அதுவும் அப்படியே. பிறகு இவர் தோள், பட்டறை, டிக்கியில் கிடக்கும் பை எல்லாம் மறந்துபோனது. பந்தை வைப்பதும் அடிப்பதுமாக இருந்தேன். வேண்டுமென்றே ஒன்றைத் தாழ்வாக அனுப்பிப் பார்த்தேன். வலையின் கீழ்ப்பாதியில் போய்க் குத்தியது. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் இவர் ஸ்டூலில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர்றார், வர்றார்," என்று மட்டையைப் பிடுங்கிக்கொண்டு விரிப்பில் ஏறி நின்றார்.

ஃபிட்டர் வந்து ஸ்டிக்கரை உரித்தார். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதல் ஸ்டிக்கரையும் பார்த்தார். ஓரத்தில் ஒரே ஒரு கறை. மற்றதெல்லாம் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு. மட்டையின் முதுகில் இருந்த கறுப்பு டேப்பைக் கிழித்தார். குழிவு இல்லை. தடிப்பு இல்லை. பிளேடு.

"சார், சுலபமான மட்டையில சிதறடிச்சீங்க. கஷ்டமான மட்டையில ஒரே இடத்துல அடிச்சிருக்கீங்க. நான் இப்படிப் பாத்ததே இல்ல. நீங்க பிளேடுக்கு ரெடி."

இவருக்கு வாயெல்லாம் பல். சொல்லிவிடலாமா? சொன்னால் அந்நிய மனிதர் முன்னால் இவருக்கு அவமானம். சொல்லாவிட்டால் என் கைக்கு அளந்த மட்டையை இவர் வாழ்நாள் முழுக்கச் சுமப்பார், ஒவ்வொரு அடிக்கும் முழங்கை சுரீரென்னும். என் கடையில் யாராவது இப்படிச் செய்தால் நான் என்ன பேச்சுப் பேசுவேன்! வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் ஃபிட்டர் அடிப்பாக டேப்புகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். நெற்றி சுருங்கியது.

"முதல் மட்டையில நுனிப்பக்கம் உரசியிருக்கு. உயரமானவங்களுக்கு அப்படித்தான் உரசும். ரெண்டாவதுல குதிகால் பக்கம், கம்பு சேர்ற இடத்துல உரசியிருக்கு." இவரை ஏற இறங்கப் பார்த்தார். இவர் கதவு நிலையில் குனிந்து நுழைகிற ஆள். "சார், நான் உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள நீங்க குள்ளமாயிட்டீங்களா?"

இவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் அவர் தோள் வரைதான் வருவேன். ஃபிட்டரின் பார்வை மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"அது நான் இல்லைங்க," என்றார் இவர் கடைசியில். "இவ அடிச்சது."

"இவருக்குத் தோள் வலி," என்று நான் சப்பைக்கட்டு கட்டினேன்.

"ஆமா, தோள் வலி," என்று இவர் வலது தோளைத் தடவிக்கொண்டார்.

ஃபிட்டர் கோபப்படவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு என்னைக் கேட்டார். "மேடம், நீங்க எந்த மட்டையில விளையாடறீங்க?"

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்? ஆரம்பத்துல வாங்கினது. தடி முதுகு, அகலமான அடி. எனக்கு அது போதும். எப்படியும்..." என்று நிறுத்தினேன். பிறகு, மூடி மறைப்பது எனக்கு வராத காரியம் என்பதால், கொட்டிவிட்டேன். "எப்படியும் நான் விளையாடறதையே விடலாம்னு இருக்கேன். அந்த செட்டை இங்கேயே குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

இவர் ஏதாவது சொல்வார், ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். இவர் பச்சை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுக்கறதைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றார் ஃபிட்டர்.

டிக்கியைத் திறந்து என் செவன் அயர்னைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். "இங்க பாருங்க."

அகலமான முகம் முழுக்க இரும்பு புதிதுபோல் சொரசொரப்பாக இருந்தது. நடுவில் மட்டும் ஒரு சின்ன வட்டம் தேய்ந்து வழவழவென்று மின்னியது. அதே சட்டைப் பொத்தான் அளவு.

"இத்தனை பெரிய முகத்துல நீங்க உபயோகிச்சது இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் தப்பா அடிக்கறவங்களுக்காக வெச்ச இடம். தப்பு பண்ணாலும் கைக்குத் தெரியாம மூடிடும், பந்தை மேல தூக்கி விட்டுடும். ஆரம்பத்துல அது நல்லது. இப்ப நீங்க நல்லா அடிச்சாலும் அதையும் சேத்து மூடிடுது."

நான் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் முடிந்ததும் அந்த முகத்தை நான்தான் துடைக்கிறேன். ஊரார் கண்ணில் புள்ளி இருந்தால் கண்டுபிடிக்கிற எனக்கு இது தெரியவில்லை. பரிசோதனைக்கு வா, வா என்று எல்லாரையும் இழுத்து உட்கார வைக்கிறவள், என்னை ஒருநாளும் உட்கார வைத்ததில்லை. வயசும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம்தான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் பசை வாசனை என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு என்னை நிற்க வைத்து, கை நீளம் அளந்து, என் உயரத்துக்கு வெட்டிய மட்டைகளைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் முழு செட்டும் பிளேடு வேண்டாம் என்றார். செவன் அயர்னிலிருந்து சின்ன மட்டைகள் வரை பிளேடு. அதைவிட நீளமான மட்டைகளில் என் கறைகள் கொஞ்சம் அகன்றன, அதனால் அவை முதுகு குழிவானவையாக இருக்கட்டும் என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. படிக்க ஒரு பவர், தூரத்துக்கு ஒரு பவர் என்று நானே ஒரே கண்ணாடியில் இரண்டு வைத்துத் தருகிறவள்.

பிறகு இவர் முறை. இந்தத் தடவை எல்லாப் பந்தையும் இவரே அடித்தார். முதல் மட்டையைவிடக் குழிவான முதுகும் அகலமான அடியும் உள்ள ஒரு மட்டையில் கறைகள் அம்மையிலிருந்து இறங்கி, கொஞ்சம் கூட்டமாக வந்தன. பந்தும் மூன்றுக்கு இரண்டு ஒரே பக்கம் போயிற்று. இவருக்குப் பந்து போனது பிடித்திருந்தது. மட்டையின் தடிப்பு பிடிக்கவில்லை என்று முகமே சொன்னது.

"சார், இதுவும் காய்ச்சி அடிச்சதுதான்," என்றார் ஃபிட்டர்.

"ஃபோர்ஜ்டா?"

"ஃபோர்ஜ்டு."

அவ்வளவுதான். முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மனிதர் இத்தனை நாளாகக் கிடந்து தவித்திருக்கிறார்.

மட்டைகள் தயாராகி வர நாளாகும். அதுவரைக்கும் ஆட, கறுப்பு டேப் சுற்றிய பரிசோதனை மட்டைகளில் எனக்கு ஏற்றவையாகச் சிலவற்றைப் பொறுக்கிக் கொடுத்தார். அவற்றை என் பையில் போட்டுவிட்டு, வெளியே எடுத்து வைத்த என் பழைய செட்டைக் காட்டி, "இதை என்ன பண்ணலாம் மேடம்?" என்றார்.

"யாராவது புதுசா கத்துக்கறவங்க வந்தா குடுங்க. நல்ல மட்டை," என்றேன். அதுவரை அந்த மட்டை மேல் எனக்கு இருந்த வருத்தமும் போய்விட்டது. ஆரம்பத்தில் என்னைத் தாங்கியது அதுதானே.

காரில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்துவிட்டோம். இவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது.

"என்னங்க, எந்தத் தோள் வலிச்சுது?"

இவர் கை இடது தோளுக்குப் போனது. பாதியில் நின்று வலது தோளுக்குத் திரும்பியது. அங்கேயும் போகாமல் ஸ்டியரிங்குக்கே வந்துவிட்டது.

"உன் பையில கையுறை இல்ல," என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"துண்டு பீரோவுல மடிச்சு இருந்துச்சு. எப்பவும் துவைச்சா திரும்பப் பைக்குள்ளதான் வெப்ப. பீரோவுக்குப் போச்சுன்னா என்ன அர்த்தம்?"

கத்தரிக்கோலைக் காணாத மனிதர். கயிற்றில் பிரிந்த ஒற்றை இழையைப் பார்த்துவிட்டார்.

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டா 'ஆமா, விடறேன்'னு சொல்லிடுவ. வாய் விட்டுச் சொல்லிட்டா அப்புறம் நீ மாத்திக்கவே மாட்ட. உன்னை எனக்குத் தெரியாதா? அளவு பாக்க வான்னா வரமாட்ட. அதான் எனக்கு வாங்கப் போகலாம்னு கிளப்பினேன். ஃபிட்டர்கிட்ட போகணும்னு நீயே சொன்னது வசதியாப் போச்சு, அங்க தோள் வலின்னு மட்டையை உன் கையில குடுத்துட்டேன்."

"அப்ப பிளேடு வேணும்னு குதிச்சதெல்லாம்?"

"அது நெஜந்தான்," என்றார். "ரெண்டும் நெஜம். ஸ்டிக்கரைப் பாத்து நீங்க ரெடின்னு அவர் சொன்னாரில்ல? அடிச்சது நீன்னு தெரிஞ்சும் ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்."

சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. இவரும் சிரித்தார். சிக்னலில் நின்றபோது, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீ இல்லாம ஞாயித்துக்கிழமை நான் தனியாப் போய் என்ன பண்றது? என் பந்து எங்க போச்சுன்னு யார் பாத்துச் சொல்றது?"

கியர் மேல் இருந்த அவர் கையின் மேல் என் கையை வைத்தேன். விளக்கு பச்சையாகும் வரை அப்படியே இருந்தோம்.

பழைய செட்டைக் கடையில் விட்டுவிட்டு வருவது என்று நினைத்துப் போனேன். அப்படியே விட்டுவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து, கையுறையையும் துண்டையும் எடுத்துப் பையில் வைத்தேன்.